எல்லையோரக் கடைக்கு ஒரு கன்டென்ட் திட்டம்: கேள்வி நோட்டிலிருந்து மூன்று மாதக் காலண்டர் வரை

கன்டென்ட் மார்க்கெட்டிங் (வாடிக்கையாளருக்குப் பயன்படும் பதிவுகளையும் வீடியோக்களையும் போட்டு வியாபாரத்தை வளர்ப்பது) செய்யலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலான கடைக்காரர்கள் முதலில் இன்ஸ்டாகிராம் கணக்கைத் திறக்கிறார்கள். லோகோ வரைந்து, கடை முகப்பைப் படம் எடுத்து, பொங்கல் வாழ்த்தும் ஓண வாழ்த்தும் போடுகிறார்கள். இரண்டு மாதத்தில் போட ஒன்றும் இல்லாமல் கணக்கு தூங்கிவிடுகிறது. உழைப்பில் குறையில்லை, வரிசைதான் தப்பு. எதைப் பதிவாகப் போடுவது என்பது இந்த வேலையில் ஐந்தாவதாக, ஆறாவதாக வரவேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் முடிக்க வேண்டியவற்றை முடித்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் தானாக வந்து நிற்கும்.

தமிழ்நாடு-கேரள எல்லையில், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் தாண்டி கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் வரையுள்ள சிறு கடைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விளக்குவதற்கு எளிதாக இருக்கும் என்பதால் கொழிஞ்சாம்பாறையில் ஒரு செக்கு எண்ணெய்க் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மூன்றும் ஆட்டி விற்கிறார்கள். உங்களுடையது ஜவுளிக் கடையோ, நாற்றுப் பண்ணையோ, பேக்கரியோ எதுவானாலும் படிகள் இதே வரிசையில்தான் போகும்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பொறுப்பாளர். கடையில் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். வாரத்தில் மூன்று மணி நேரம், அதுவும் குறிப்பிட்ட கிழமையில், ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுங்கள். வியாபாரம் மந்தமாக இருக்கும் கிழமையாகப் பார்த்துக் கொடுத்தால் அந்த நேரம் பறிபோகாது.

அடுத்து, கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். கூகுள் கணக்கை அக்கா மகன் தன் மெயிலில் திறந்து கொடுத்திருப்பான். அவன் பெங்களூர் போனதும் பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். கடை பெயரில் ஒரு மெயில், கடைக்கென்று ஒரு சிம், அந்த எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ். மூன்றும் முதலாளியின் கையில் இருக்க வேண்டும். பின்னால் நீங்கள் சேர்க்கப்போகும் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் இந்த எண்ணில்தான் குவியப்போகிறது.

காகிதங்களையும் இப்போதே சரிபாருங்கள். உணவுப் பொருள் என்றால் லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐயின் (உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின்) 14 இலக்க எண் இருக்க வேண்டும். எடை அல்லது அளவு, எம்ஆர்பி, தயாரித்த மாதம், முகவரி ஆகியவையும் வேண்டும். வீடியோவில் பாட்டிலைக் கிட்டத்தில் காட்டும்போது இவையெல்லாம் திரையில் தெரியும். இல்லாவிட்டால் அதுவும் தெரியும்.

இன்னொன்று, எல்லையோரக் கடைகள் பெரும்பாலும் கவனிக்காதது. வரி விதிக்கப்படும் பொருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பி விற்றால், விற்றுமுதல் சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஜிஎஸ்டியின் காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவர் அப்படி அனுப்பவே முடியாது. கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு ‘பொள்ளாச்சி, உடுமலைக்குக் கூரியரில் அனுப்புகிறோம்’ என்று பதிவு போட்டுவிட்டு, பிறகு ஆடிட்டரிடம் ஓடுவதைவிட முன்பே கேட்டுவிடுவது நல்லது. அனுப்ப முடியாது என்றால் உங்கள் கன்டென்ட் ‘கடைக்கு வாங்க’ என்பதை நோக்கித்தான் போக வேண்டும். திட்டமே மாறிவிடும்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓரளவு நல்ல கேமரா உள்ள போன், ஒரு ஸ்டாண்டு, சட்டையில் மாட்டுகிற மைக். மைக் அவசியம், செக்கு ஓடும் சத்தத்தில் பேசுவது ஒன்றும் கேட்காது.

2. ஒரே ஒரு குறிக்கோள், அதுவும் எண்ணக்கூடியது

‘கடை பெயர் பரவணும்’ என்பதைக் குறிக்கோளாக வைத்தால், நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணக்கூடிய ஒன்றை எடுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் புதிதாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் தருகிற வீடுகள் எத்தனை? ஏற்கெனவே ஒருமுறை வாங்கியவர்களில் திரும்பி வந்தவர்கள் எத்தனை? ஹோட்டல், சிப்ஸ் கடை போன்ற மொத்தக் கொள்முதல்காரர்கள் எத்தனை பேர் விலை கேட்டார்கள்? இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஒன்று மட்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கன்டென்ட் தேவை. புது வீடுகளுக்கு நம்பிக்கை வரவேண்டும். பழைய வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் போதும். சிப்ஸ் கடைக்காரருக்கு விலையும், டின்னின் அளவும், எத்தனை நாளில் கொண்டுவந்து தருவீர்கள் என்பதும்தான் முக்கியம். மூன்றையும் ஒரே பதிவில் பேசினால் மூவருமே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் மூன்று மாதத்துக்கு, பழைய வாடிக்கையாளரைத் திரும்ப வரவைப்பதை எடுக்கச் சொல்வேன். அவர்களுடைய எண்கள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன, எண்ணெயின் ருசியும் அவர்களுக்குத் தெரியும். பலன் சீக்கிரம் தெரிவதால் வேலையைத் தொடர மனமும் வரும்.

3. கேள்வி நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு, ஒரு பேனா. இரண்டு வாரம், கடைக்கு வருபவர்களும் போனில் அழைப்பவர்களும் என்ன கேட்கிறார்களோ அதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பக்கத்தை நான்காகக் கோடு போட்டுக்கொள்ளலாம்: கேள்வி, எந்த மொழியில் கேட்டார், வாங்கும் முன்பா பின்பா, கடைசியில் வாங்கினாரா.

சொன்ன சொல்லிலேயே என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘தயாரிப்பு தரம் குறித்த ஐயம்’ என்று நோட்டில் எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘ஏனுங்கண்ணா, எண்ணெய் உறைஞ்சு போச்சுங்களே, பாமாயில் ஏதாச்சும் கலந்திருக்குதுங்களா?’ என்று எழுதினால் அதுவே ஒரு வீடியோவின் முதல் வரி. ‘சேட்டா, இது சக்கில் ஆட்டியதாணோ?’ என்று ஒருவர் கேட்டால் அதையும் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியைத்தான் அவர் வீட்டில் உட்கார்ந்து யூடியூபிலும் கேட்கப்போகிறார்.

புதியவர்கள் இங்கே சறுக்குவது ஒரே மாதிரிதான். நோட்டு போடாமல், தங்களுக்குத் தோன்றிய கேள்விகளைத் தாங்களே எழுதிவிடுகிறார்கள். ஆட்டுகிறவருக்குச் செக்கு வாகை மரத்தில் செய்தது என்பது பெருமை. வாங்குகிற வீட்டுக்கு ‘பொரிச்சா நுரை கட்டுமா, எத்தனை மாசம் கெடாம இருக்கும், போன தடவை இருந்த வாசம் ஏன் இப்ப இல்லை’ என்பவைதான் கவலை. இரண்டும் வேறு.

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டோடு இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்த பழைய கேள்விகள். இன்னொன்று, யூடியூபிலும் கூகுளிலும் உங்கள் பொருளின் பெயரைத் தட்டத் தொடங்கியதும் கீழே தானாக விரிகிற பரிந்துரைகள். தமிழில் தட்டிப் பாருங்கள், மலையாளத்தில் தட்டிப் பாருங்கள், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியும் பாருங்கள். நம் மக்களில் நிறையப் பேர் அப்படித்தான் தேடுகிறார்கள். மூன்றிலும் வெவ்வேறு பரிந்துரைகள் வரும்.

4. பேசும் மொழி வேறு, படிக்கும் மொழி வேறு

எல்லையிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களுக்கு இந்தப் படி தேவைப்படாது. நமக்கு இது இல்லாமல் முடியாது.

சித்தூர் வட்டாரத்தில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் பலர். தமிழ் வீடியோ பார்ப்பார்கள், தமிழ் படத்துக்குப் போவார்கள். தமிழில் நீளமாக எழுதிய பதிவை மட்டும் வாசிக்க மாட்டார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் நிலைமை நேர்மாறு: மலையாளம் காதுக்குப் புரியும், எழுத்து புரியாது. ஆகவே நோட்டில் உள்ள வாடிக்கையாளர்களை மூன்றாகப் பிரியுங்கள். தமிழ் பேசித் தமிழ் படிப்பவர், தமிழ் பேசி மலையாளம் படிப்பவர், மலையாளம் பேசி மலையாளம் படிப்பவர்.

நடுவில் இருக்கிறவர்கள்தான் எல்லோர் திட்டத்திலும் விட்டுப்போகிறார்கள். அவர்களுக்குத் தமிழில் பேசும் வீடியோ, அதன்மேல் மலையாள எழுத்தில் இரண்டு சொல் தலைப்பு, விலைப் பட்டியல் மலையாளத்தில். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதற்குப் பதில் குரல் செய்தி. இவ்வளவு செய்தாலே போதும்.

மலையாளத்தில் முழுதாகச் செய்யப் போகிறீர்கள் என்றால், தமிழ்ப் பதிவை எடுத்து மொழிபெயர்க்க வேண்டாம். அந்த வீட்டுச் சமையலறையில் கேள்வியே வேறு. கேரள வீட்டில் அன்றாடச் சமையலுக்கும் தாளிப்புக்கும் தேங்காய் எண்ணெய் ஓடுகிறது. நம் பக்கம் அது பெரும்பாலும் தலைக்கு, சமையலுக்குக் கடலையும் நல்லெண்ணெயும். ‘தேங்காய் எண்ணெயில் சமைக்கலாமா?’ என்று தமிழ் வீட்டுக்காக எடுத்த வீடியோவை மலையாளத்தில் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன இது என்று நினைப்பார்கள். மலையாளத்தில் எழுதிப் பழகிய ஒருவர் எழுதட்டும், அல்லது போடுவதற்கு முன் ஒருமுறையாவது வாசித்துச் சரிபார்க்கட்டும். கூகுள் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால் வெளியூர்க் கடை என்று முதல் வரியிலேயே தெரிந்துபோகும்.

5. எங்கே போடுவது

இரண்டு இடம் கட்டாயம், மூன்றாவது ஒன்று உங்கள் விருப்பம். அதற்குமேல் வேண்டாம்.

முதல் கட்டாயம் கூகுள் மேப்பில் வரும் கடைப் பக்கம். காசு கிடையாது. ‘பக்கத்தில் செக்கு எண்ணெய்’ என்று தேடுகிறவர் ஏற்கெனவே வாங்க முடிவு செய்தவர். அவர் கண்ணில் படாமல் இருப்பது நேரடி நஷ்டம். பெயர்ப்பலகையில் உள்ள பெயரை அப்படியே கொடுங்கள். ‘சிறந்த மரச்செக்கு எண்ணெய் பாலக்காடு’ என்று பெயரோடு சேர்த்துக் கட்டுவது கூகுளின் விதிக்கு எதிரானது, பக்கமே முடங்கலாம். வரைபடத்தில் புள்ளி சரியான சாலையில், சரியான பக்கத்தில் விழுந்திருக்கிறதா என்று நீங்களே வழி போட்டு ஓட்டிப் பாருங்கள். ஹர்த்தால் (கடையடைப்பு) அன்று கடை மூடியிருந்தால் அன்றைய நேரத்தை மாற்றி வையுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வர மாட்டார். விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று அறிவிக்காதீர்கள், அதற்கும் கூகுளில் தடை இருக்கிறது. வாங்கிப் போனவரிடம் நேரில் கேளுங்கள், எழுதுவார்கள்.

இரண்டாவது வாட்ஸ்அப் பிசினஸ். கேட்லாக்கில் பொருள், அளவு, விலை. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்கள். வாடிக்கையாளர்களுக்கு லேபிள்: தமிழ், தமிழ் பேசி மலையாளம் படிப்பவர், மலையாளம், மொத்தம், சில்லறை. நான்காம் படியில் பிரித்த பிரிவுகள் இங்கே லேபிளாக வந்து உட்காரும்.

மூன்றாவது, யூடியூபா இன்ஸ்டாகிராமா? கேள்விக்குப் பதில் சொல்வதுதான் உங்கள் கன்டென்ட் என்றால் யூடியூப். அங்கே மக்கள் தேடி வருகிறார்கள், இன்று போட்டது அடுத்த மார்கழியிலும் தேடலில் வரும். பார்க்க அழகான பொருள் என்றால், சேலையோ கேக்கோ என்றால், இன்ஸ்டாகிராம். அங்கே தொழில்முறைக் கணக்குக்குக் கிடைக்கும் இசை குறைவு. சினிமாப் பாட்டைப் பின்னால் ஓடவிட்டால் ஒலி நீக்கப்படலாம். செக்கின் சத்தமே போதும்.

6. கேள்விகளைத் தலைப்புகளாக்குவது

நோட்டில் உள்ளவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

வாங்கும் முன் வரும் சந்தேகம்: விலை ஏன் இவ்வளவு, கலப்படமா, எவ்வளவு வாங்கணும். வாங்கிய பின் வரும் சந்தேகம்: எதில் ஊற்றி வைக்கணும், அடியில் கசடு ஏன், எத்தனை மாதம் தாங்கும். மூன்றாவது, இவர்களை நம்பலாமா என்பது. இது நேரடியாகக் கேட்கப்படாது. ‘கொப்பரை எங்கிருந்து வாங்குறீங்க?’ ‘நாங்களே வந்து பார்க்கலாமா?’ என்று சுற்றி வளைத்து வரும்.

ஒவ்வொரு குவியலிலும் அதிகம் வந்த கேள்விக்கு முதலிடம். குறிக்கோள் திரும்பி வருபவர்கள் என்றால் இரண்டாவது குவியலிலிருந்து பாதி எடுங்கள், புது வீடுகள் என்றால் முதல் குவியலிலிருந்து. மொத்தம் பன்னிரண்டு தலைப்பு. வாரம் ஒன்று, மூன்று மாதத்துக்குச் சரியாக இருக்கும். தினமும் ஒன்று போடுவதாகத் தொடங்குகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் காலை வணக்கம் போட ஆரம்பிப்பார்கள்.

விலைக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். 2025இல் ஓணத்துக்கு முன் தேங்காய் எண்ணெய் விலை கிடுகிடுவென்று ஏறியபோது, பல கடைகள் அதைப் பற்றிப் பேசாமல் புது விலையை மட்டும் ஒட்டின. அந்த நேரத்தில் வாடிக்கையாளருக்கு வேண்டியது விளக்கம். ஒரு லிட்டருக்கு எவ்வளவு கொப்பரை போகிறது என்று உங்கள் செக்கிலேயே எடை போட்டுக் காட்டுங்கள். அன்றைய கொப்பரை விலை, ஆட்டுகூலி, புண்ணாக்கு விற்று வருவது எவ்வளவு என்று கணக்கை வரிசையாகச் சொல்லுங்கள். லாபம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. செலவு தெரிந்தாலே விலையில் நியாயம் இருப்பது புரியும்.

7. இரண்டு பண்டிகை வரிசைக்கு ஒரு காலண்டர்

சுவரில் மாட்டுகிற மாதக் காலண்டரே போதும். தமிழ் மாதமும் மலையாள மாதமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறப்பது நமக்கு வசதி. ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் நடப்பது வேறு.

ஜூலை நடுவில் ஆடியும் கர்க்கடகமும் தொடங்கும். நம் பக்கம் ஆடித் தள்ளுபடி, அம்மன் கோயில் கூழ், ஆடிப்பெருக்கு. அந்தப் பக்கம் ராமாயண மாதம், கர்க்கடகக் கஞ்சி, எண்ணெய் தேய்த்துச் சிகிச்சை. ஆகஸ்ட் நடுவில் மலையாளச் சிங்க மாதம் பிறந்துவிட்டால் எல்லாமே ஓணம்தான்: உப்பேரிக்காகவே (நேந்திரங்காய்ச் சிப்ஸ்) தேங்காய் எண்ணெய் டின் டின்னாகப் போகும். திருவோணத்தின் தேதி ஆண்டுக்கு ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பருக்குள் நகரும் என்பதால் முதலில் அதைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்.

தீபாவளிக்கு நல்லெண்ணெய்க் குளியலும் முறுக்கும் தமிழ் வீட்டுச் சமாசாரம். மலையாள வீடுகளுக்கு அதே பதிவை அனுப்பினால் பெரும்பாலும் வேலைக்காகாது. நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்ததும் சபரிமலை மண்டல காலம், கார்த்திகை தீபம், விளக்கு எண்ணெய் என்று இரு பக்கமும் சேர்ந்துவிடும். தைப்பூசத்தையொட்டிக் கேரளத்திலிருந்து பழனிக்குப் போகிறவர்கள் பொள்ளாச்சி வழியாகக் கடப்பார்கள். சாலையோரக் கடைக்கு அது தனி வாய்ப்பு. ஏப்ரல் 14ஐ ஒட்டிச் சித்திரைக் கனியும் விஷுவும்.

பண்டிகைப் பதிவை மூன்று நான்கு வாரம் முன்னதாகப் போடுங்கள். ஓணத்தன்று வாழ்த்துச் சொல்லும்போது எண்ணெய் ஏற்கெனவே வாங்கி, உப்பேரி பொரித்து முடித்திருப்பார்கள். சிப்ஸ் கடைக்காரர்கள் அதைவிட முன்பே பேசி முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

காலண்டரில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஐந்து விஷயம் எழுதினால் போதும்: கேள்வி, யாருக்கு, எந்த மொழி, யார் எடுப்பது, பார்த்த பின் அவர் என்ன செய்ய வேண்டும். கடைசியை எழுதாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. பார்த்தவர் கேட்லாக்கைத் திறக்க வேண்டுமா, கடைக்கு வர வேண்டுமா, வேறு ஒருவருக்கு அனுப்ப வேண்டுமா? தீர்மானிக்காவிட்டால் வீடியோவின் முடிவில் ‘லைக் பண்ணுங்க ஷேர் பண்ணுங்க’ என்று வந்து நிற்கும்.

பன்னிரண்டு தலைப்பில் பத்துக்கு மட்டும் தேதி குறித்து, இரண்டு வாரத்தைக் காலியாக விடுங்கள். திடீரென்று விலை ஏறும், ஏதாவது கலப்படச் செய்தி வரும். அதற்கு இடம் வேண்டும்.

8. ஒன்றை முழுசாகச் செய்து பார்ப்போம்

நோட்டில் உள்ள உறைந்த எண்ணெய்க் கேள்வியையே எடுப்போம். மார்கழி விடியலில் இந்தக் கேள்வி வராத செக்குக் கடை இல்லை. ஆகவே கார்த்திகைக் கடைசியில் போட வேண்டிய பதிவு இது.

பதில் என்ன என்பதை முதலில் ஒரே மூச்சில் எழுதுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையும். அது அதன் இயல்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் உருகிவிடும். இதோடு நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உறைவதை மட்டும் வைத்துத் தூய்மையை முடிவு செய்ய முடியாது, கலப்படம் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய ஆய்வகச் சோதனைதான் வழி. பலர் இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டு ‘உறைந்தால் சுத்தம்’ என்று அடித்துச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்த ஒருவர் கமெண்டில் வந்து திருத்தினால் அதுவரை சேர்த்த நம்பிக்கை போய்விடும்.

இனிப் படப்பிடிப்பு. காலை ஆறரைக்குக் கடை திறக்கும்போது, உறைந்த பாட்டிலைக் கையில் எடுத்துக் கவிழ்த்துக் காட்டுங்கள், எண்ணெய் அசையாது. அந்தக் காட்சியின் மேல், வணக்கமோ கடை பெயரோ இல்லாமல், வாடிக்கையாளர் கேட்ட கேள்வியை அப்படியே சொல்லுங்கள். முதல் மூன்று விநாடியில் ‘இது நம்ம வீட்டிலும் நடந்ததே’ என்று தோன்றினால்தான் விரல் நிற்கும். அடுத்து ஒரு வெப்பமானியைப் பக்கத்தில் வையுங்கள், எண் தெரியட்டும். பிறகு அகலமான பாத்திரத்தில் வெந்நீர், அதில் பாட்டில், ஓரத்திலிருந்து எண்ணெய் தெளிந்து வருவது. வெட்டாமல் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அந்தக் காட்சிதான் வீடியோவின் உயிர். கடைசியில், பனிக்காலத்துக்கு அகல வாய் பாட்டிலில் தருகிறோம், வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள் என்று ஒரே வரி. ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மலையாள வீட்டுக்கு இதே வீடியோ தேவையா என்று யோசியுங்கள். அன்றாடம் தேங்காய் எண்ணெயில் சமைக்கிறவருக்கு அது உறைவது புதிதல்ல. அவர் கேட்பது செக்கில் ஆட்டியதா, கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டதா என்பது. ஆகவே அந்த வாரம் அவருக்குக் கொப்பரை காயும் களத்தைக் காட்டுங்கள். ஒரே காலையில் இரண்டையும் எடுத்துவிடலாம்.

எடுத்ததை ஒரு இடத்தோடு விடாதீர்கள். வீடியோ யூடியூபில், அதிலிருந்து ஒரு படம் கூகுள் பக்கத்தில், எழுதிய பதில் வாட்ஸ்அப் விரைவுப் பதிலில். நாளை அதே கேள்வி வந்தால் இரண்டு தட்டலில் பதில் போய்விடும். பாட்டிலோடு தரும் சீட்டில் க்யூஆர் கோடாக அந்த வீடியோவை அச்சிட்டால், உறைந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவருக்கு அப்போதே பதில் கிடைக்கும்.

9. சொல்லக் கூடாதவை

எண்ணெய், தேன், மூலிகை விற்கிற கடைகள் இந்தப் பகுதியை இரண்டு தரம் படிக்க வேண்டும். உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று விளம்பரத்தில் சொல்ல முடியாது. உணவு விளம்பரங்களுக்கான 2018ஆம் ஆண்டு எஃப்எஸ்எஸ்ஏஐ விதிகள் இதைத் தடுக்கின்றன. ‘இயற்கையான’, ‘பாரம்பரிய’, ‘தூய’ போன்ற சொற்களைப் பயன்படுத்தவும் நிபந்தனைகள் வைத்திருக்கின்றன. சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டத்தில் மாட்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஒரு நிமிட வீடியோவும் விளம்பரம்தான்.

‘எங்கள் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை’ என்ற வரியையும் விடுங்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. உங்களுடையது மட்டும் அப்படி என்ற எண்ணத்தை உண்டாக்குவது ஏமாற்று.

சமையல் எண்ணெயைப் பேக் செய்யாமல் அளந்து ஊற்றிச் சில்லறையில் விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை உண்டு. வாடிக்கையாளர் கொண்டுவந்த தூக்கில் ஊற்றும் காட்சி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதைப் படம்பிடித்துப் போடுமுன் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வாடிக்கையாளர் முகமோ வாட்ஸ்அப் உரையாடலோ வருகிறதென்றால் அனுமதி வாங்காமல் போடாதீர்கள்.

10. கொண்டு சேர்ப்பதும் அளப்பதும்

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி), உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அனுப்பியும் யாரும் பார்க்கவில்லை என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆகவே பில் போடும்போதே ‘எண்ணைச் சேமிச்சுக்குங்க, புதுசா எண்ணெய் ஆட்டறது எப்போன்னு சொல்லி அனுப்பறோம், அனுப்பலாமுங்களா?’ என்று கேளுங்கள். சரி என்றவருக்கு மட்டும் அனுப்புங்கள். வாரம் ஒன்றுக்கு மேல் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

அளப்பதற்கு எளிய வழி ஒன்று. வாட்ஸ்அப்பின் நேரடி இணைப்பில், அனுப்ப வேண்டிய முதல் வரியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். கூகுள் பக்கத்தில் வைக்கும் இணைப்பில் ‘மேப்பில் பார்த்தேன்’, யூடியூபில் ‘வீடியோ பார்த்தேன்’, பாட்டில் சீட்டில் ‘மறுபடி வேணும்’. யார் எங்கிருந்து வந்தார் என்று அந்த முதல் வரியே சொல்லிவிடும். லேபிள் போட்டு மாதக் கடைசியில் எண்ணுங்கள். கூகுள் பக்கத்தில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதும் இலவசமாகவே தெரியும்.

பார்வை எண்ணிக்கையை நம்பித் திட்டத்தை மாற்றாதீர்கள். சென்னையிலும் துபாயிலும் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்த வீடியோவால் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பாட்டில்கூட நகராமல் போகலாம். நூறு பேர் பார்த்த ‘அடியில் கசடு ஏன்’ வீடியோவுக்குப் பிறகு திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் குறைந்தால் அதுதான் வென்ற பதிவு.

விளம்பரத்துக்குப் பணம் போடுவது இதற்குப் பிறகுதான், அதுவும் காசில்லாமலே ஆர்டர் கொண்டுவந்த பதிவுக்கு மட்டும். கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட்டால் அது இரு மாநிலத்தையும் சேர்த்து விழுங்கும். ஊர் வாரியாகத் தேர்ந்தெடுத்து, தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். கூரியரில் அனுப்ப முடியாத மாநிலத்து ஊர்களுக்குக் காட்டும் விளம்பரத்தில் ‘கடைக்கு வாங்க’ என்று மட்டும் இருக்கட்டும்.

11. மூன்று மாதம் கழித்து

பன்னிரண்டு பதிவையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் வந்த ஆர்டர், வந்த கேள்வி இரண்டையும் குறியுங்கள். ஆர்டரும் இல்லை, கேள்வியும் இல்லை என்றால் அந்த வகையை விடலாம். கேள்வி வந்தது, ஆர்டர் வரவில்லை என்றால் பதிவு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. விலை, டெலிவரி, பதில் சொன்ன வேகம் இவற்றில் எங்கேயோ தடுக்கிறது. அந்த உரையாடல்களைத் திறந்து, கடைசியாக யார் பேசாமல் விட்டார்கள் என்று பாருங்கள். பல நேரம் கடைதான் பதில் அனுப்பாமல் விட்டிருக்கும்.

பிறகு கல்லாப் பக்கத்தில் மறுபடி நோட்டை வையுங்கள், இந்த முறை ஒரு வாரம் போதும். சென்ற முறை அதிகம் வந்த கேள்விகள் குறைந்திருந்தால் அவற்றுக்குப் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. புதிதாக வந்திருப்பவை அடுத்த பன்னிரண்டு.